சிறு பயிற்சி விமானம் விழும்போது உள்ளே இருப்பவர் பிழைப்பது எதனால்? இராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஒரு விளக்கம்

2025 நவம்பரில் அடுத்தடுத்த நாட்களில் தமிழ்நாட்டில் இரண்டு பயிற்சி விமானச் செய்திகள் வந்தன. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். மறுநாள் விமானப்படையின் பிசி-7 பயிற்சி விமானம் சென்னைக்குத் தெற்கே விழுந்து நொறுங்கியது. அதன் விமானி இருக்கையோடு வெளியே தூக்கி வீசப்பட்டு, பாராசூட்டில் பத்திரமாக இறங்கிவிட்டார். இதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஆகஸ்டில், ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய செஸ்னா 152 சாண்டில் அணையில் விழுந்தது. அதில் பயிற்றுநர், மாணவர் இருவருமே இறந்துபோனார்கள். விமானத்தைத் தேடி எடுக்கக் கடற்படையினர் வர வேண்டியிருந்தது.

மூன்றுக்குமே தலைப்பு ‘பயிற்சி விமானம் விபத்து’தான். அதனால்தான் படிக்கிறவர்களுக்குக் குழப்பம். அங்கே குதித்தாரே, இங்கே ஏன் குதிக்கவில்லை? ரோட்டில் இறங்கினால் பிழைக்கிறார்கள், தண்ணீரில் விழுந்தால் ஏன் பிழைக்கவில்லை?

இராமநாதபுரம் கரைக்கு இந்தக் கேள்விகள் தூரத்து விஷயம் இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் 2009-இலிருந்து முழு விமானத் தளமாக இயங்குகிறது. ஆனால் அது கண்காணிப்புப் பணிக்கானது, விமானப் பள்ளி இல்லை. அப்புறம், இராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று மாநில அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. ஓடுபாதை ஒன்று வந்தால் பயிற்சிப் பள்ளிப் பேச்சு பின்னாலேயே வருவது வழக்கம். வந்தபிறகு பயப்படுவதைவிட, இப்போதே அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறோம்

பறக்கக் கற்றுக்கொள்பவர்கள் உட்காருவது பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் விமானத்தில்: செஸ்னா 152, 172, டைமண்ட் டிஏ40 போன்றவை. செஸ்னா 152 ஆட்களும் எரிபொருளும் சேர்த்து அதிகபட்சம் 757 கிலோதான், ஒரு சிறிய காரின் எடை. ஃப்ளாப் எனப்படும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகைகளை முழுதாக இறக்கிய செஸ்னா 172, 40 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 74 கி.மீ. வரை வேகம் குறைந்தாலும் காற்றில் நிற்கும். ராம்நாடு–மதுரை சாலையில் பஸ் போகிற வேகம்தான் அது. பிழைப்பதற்கான வாய்ப்பு முழுக்க இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பாதி மாணவரே பொறுப்பு விமானியாக ஓட்டிய நேரமாக இருக்க வேண்டும். ஆகவே மாணவர் தனியாகப் பறப்பதை விதிமீறல் என்று நினைக்க வேண்டாம், பாடத்திட்டமே அதுதான். ‘தனியாக அனுப்பிவிட்டார்களே’ என்று டிவியில் கொதிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொதிக்கலாம்.

மூன்று விதமான விழுதல்

செய்தியில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தாலும், பயிற்சி விபத்துகள் அடிப்படையில் மூன்று வகை.

1. ஓடுபாதையில் நடப்பவை. மாணவர் தரையைத் தப்பாகக் கணித்து விமானத்தை அடித்து இறக்குகிறார். அது துள்ளுகிறது, அவர் பதறி மூக்கை அழுத்துகிறார், முன்சக்கரம் மடிகிறது, புரொப்பெல்லர் தரையில் உரசி வளைகிறது. விமானம் கவிழ்ந்தும் போகலாம். படம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வேகம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆள் நடந்தே வெளியே வந்துவிடுவார்.

2. எஞ்சின் நின்றோ சக்தி குறைந்தோ வெளியில் இறக்குவது. எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது, சறுக்கி இறங்கும். செஸ்னா 172 காற்றில்லாத நேரத்தில் 1000 அடி உயரம் இழப்பதற்குள் ஏறக்குறைய 2.8 கி.மீ. தூரம் போகும். அந்த நேரத்துக்குள் விமானி இடம் தேட வேண்டும், எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும். கீரனூரில் நடந்தது இந்த வகை.

3. கட்டுப்பாடு போய் விழுவது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இறக்கை காற்றை ஒரு கோணத்தில் சந்திக்கும்போது தூக்குவிசை கிடைக்கிறது. கோணம் கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் சுமார் 15, 16 டிகிரியைத் தாண்டினால் இறக்கையின் மேல்பக்கத்துக் காற்றோட்டம் பிய்த்துக்கொண்டு போய்விடும். இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அந்த நேரத்தில் விமானம் ஒருபக்கம் வழுக்கிக்கொண்டிருந்தால் ஓர் இறக்கை மற்றதைவிட முன்னாடி செத்துப்போகும். விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலத் தொடங்கும். 4000 அடியில் இது ஒரு பாடம், பயிற்றுநர் வேண்டுமென்றே செய்து காட்டி மீட்டெடுப்பார். 400 அடியில் மீட்க இடமில்லை.

திரும்பும்போது இந்த ஆபத்து கூடுகிறது. விமானம் 60 டிகிரி சாய்ந்து, உயரம் இழக்காமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் ஏறிவிடும். 45 டிகிரிக்கு 19 சதவீதம். நேராகப் போகும்போது போதுமான வேகம், திரும்பும்போது போதாத வேகமாகிவிடுகிறது.

மேலெழும்பிய உடனே எஞ்சின் நின்றால் மாணவருக்கு என்ன தோன்றும்? பின்னால் நல்ல ஓடுபாதை இருக்கிறதே, திரும்பிவிடலாம் என்றுதான். வேகமோ உயரமோ இல்லாத நிலையில் அந்தத் திருப்பத்துக்கு 180 டிகிரி போதாது. ஒருபக்கமாக விலகி மறுபடி நேராக வேண்டும் என்பதால் அதைவிட நிறையத் தேவை. போதாததற்கு, எதிர்காற்றில் கிளம்பிய விமானம் பின்காற்றில் இறங்க வேண்டிவரும். உலகம் முழுக்க எல்லா விமானப் பள்ளிகளும் சொல்லித்தரும் விதி ஒன்றுதான்: உயரம் போதாவிட்டால் திரும்பாதே, முன்னால் தெரிவதில் இறங்கு.

உடம்பு எவ்வளவு தாங்கும்

ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர் 1917-இல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தார். பிழைத்தார், ஆனால் வயிற்றுக்குள் பலத்த காயம். பெல்ட்டின் கொக்கியே அதற்குக் காரணம் என்று அவர் முடிவுசெய்தார். பிற்பாடு, 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்த மனிதர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து 1942-இல் வெளியிட்டார். அவர் கண்டது: எவ்வளவு உயரம் என்பதைவிட, நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைத்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. வைக்கோல் படப்பில் குதிப்பவருக்கும் களத்து மண்ணில் குதிப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். ஒருவரை அவருடைய எடையைப்போல 9 மடங்கு விசையில், சீராக நிறுத்துகிறோம் என்று வையுங்கள். பெல்ட் சரியாகப் போட்ட உடம்பு முன்பக்கமாக அதைத் தாங்கும். 40 நாட் வேகத்திலிருந்து நிற்க வெறும் 2.4 மீட்டர் போதும். 80 நாட் என்றால் 9.6 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. அந்த 2.4 மீட்டரை நசுங்கும் எஞ்சின் பகுதி, ஒடியும் இறக்கை, கண்மாய்க்குள் புதையும் சக்கரம், புதர் எல்லாம் சேர்ந்தே தந்துவிடும்.

காற்றும் இந்தக் கணக்கில் வருகிறது. 15 நாட் காற்றை எதிர்த்து இறங்கினால், 40 நாட்டில் பறக்கும் விமானம் தரையைத் தொடும் வேகம் 25 நாட். அதே காற்றைப் பின்னால் வைத்து இறங்கினால் 55 நாட். தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 5 மடங்கு. விமானம், விமானி, எடை எதுவும் மாறவில்லை. இறங்கிய திசை மட்டுமே மாறியது.

ஸ்டால் ஆகி மூக்கு குத்தி விழுபவருக்கு இந்தத் தூரம் கிடைப்பதில்லை. தரை வளைந்துகொடுக்காது, விமானத்தின் முன்பகுதியில் நசுங்க மீட்டர் கணக்கில் இடமும் இல்லை. ஆகவே ‘விமானம் விழுந்தது’ என்று கேட்டவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரையைத் தொடும்போது அது பறந்துகொண்டிருந்ததா இல்லையா என்பதுதான்.

உள்ளே இருப்பவரைக் காப்பவை

விமானப் பாதுகாப்புப் பொறியாளர்கள் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

1. கூடு. ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் நிற்க வேண்டும். கூரை தலைமேல் வந்துவிட்டால் மற்ற நான்கும் வீண்.

2. கட்டு. அதாவது பெல்ட்டும் இருக்கையும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் உடம்பு மடங்கி, தலை போய் முன்பலகையில் அடிக்கும். அடிபட்டு மயங்கியவரால் எரியும் விமானத்திலிருந்தோ மூழ்கும் விமானத்திலிருந்தோ வெளியே வர முடியாது. அமெரிக்காவில் 1978 ஜூலைக்குப் பிறகு தயாரான சிறு விமானங்களின் முன்னிருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயம். எல்லா இருக்கைகளுக்கும் 1986 டிசம்பரிலிருந்து. அதற்கு முந்தைய விமானங்கள் இன்னும் உலகில் பறக்கின்றன.

3. விசை உறிஞ்சுதல். 1988-இல் வந்த விதி, புதிதாக வடிவமைக்கப்படும் சிறு விமானங்களின் முன்னிருக்கைகள் முன்பக்கமாக 26 ஜி (அதாவது எடையைப்போல 26 மடங்கு விசை), கீழ்நோக்கி 19 ஜி அதிர்ச்சிச் சோதனையில் தேற வேண்டும் என்றது. செஸ்னா 152 உற்பத்தி 1985-இலேயே நின்றுவிட்டதால் இந்த விதி அதைத் தொடவே இல்லை. 1996-க்குப் பிறகு மறுபடி தயாரான 172-இல் புதிய இருக்கைகள் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் விசாரிக்கிறார்கள். விமானம் எந்த வருடத்துத் தயாரிப்பு என்று கேட்பவர் அபூர்வம்.

4. சுற்றுப்புறம். தலை, முழங்கால் போய் இடிக்கும் கூர்முனைகள், கட்டப்படாத பை, தீயணைப்பான் உருளை.

5. விழுந்த பிறகு. தீ, தண்ணீர், கதவு திறக்குமா என்பது. செஸ்னா 172-இன் எரிபொருள் இறக்கைகளில், தலைக்கு மேலே இருக்கிறது. நிரம்பினால் 200 லிட்டருக்கு மேல். ஏவ்காஸ் என்ற அந்தப் பெட்ரோல் வகை குளிரிலும் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் இறங்குமுன் எரிபொருள் வால்வை மூடு, எஞ்சினுக்குப் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையை நிறுத்து, மின்சாரத்தை அணை என்று வரிசையாகச் சொல்லித்தருகிறார்கள்.

இரண்டாவது விஷயத்தில் ஒரு சின்ன இரும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செஸ்னா இருக்கைகள் தரையில் ஓடும் இரண்டு தண்டவாளங்கள்மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். இருக்கையிலிருந்து ஒரு முள் இறங்கித் துளையில் உட்கார்ந்தால் இருக்கை பூட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து அந்தத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். முள் உட்கார்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்திருக்காது. விமானம் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும் கணத்தில் இருக்கை வழுக்கிப் பின்னால் போகும். விழாமல் இருக்கக் கை எதைப் பிடிக்கும்? எதிரே இருக்கும், விமானத்தை ஓட்டும் கைப்பிடியைத்தான். அதைப் பிடித்து இழுத்தால் மூக்கு செங்குத்தாக ஏறும், தரைக்கு மிக அருகில் ஸ்டால். இப்படி உண்மையிலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதனால் 1987-இல் அமெரிக்க விமானத் துறை இந்தத் தண்டவாளங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்க்க வேண்டும் என்று ஆணை போட்டது. கிளம்புமுன் மாணவர் உடம்பை முன்னும் பின்னும் உலுக்கி உட்கார்வதைப் பார்த்தால் சிரிக்க வேண்டாம், அவர் அந்த முள்ளைத்தான் சோதிக்கிறார்.

ஏன் குதிக்கவில்லை

விமானப்படையின் பிசி-7 மார்க் 2-இல் வெளியேற்றும் இருக்கை உண்டு. நெம்புகோலை இழுத்தால் இருக்கையோடு ஆளை வெளியே எறிந்துவிடும். பள்ளி விமானங்களில் அது கிடையாது. அந்த எடையும் விலையும் அவற்றுக்குக் கட்டாது. சாதாரணமாகத் தனிப் பாராசூட்டும் இருக்காது. இருந்தாலும், சுழலும் விமானத்தில் காற்றழுத்தத்துக்கு எதிராகக் கதவைத் தள்ளி, பெல்ட்டை அவிழ்த்து வெளியேற உயரம் வேண்டும். உயிரைப் பறிக்கும் பயிற்சி விபத்துகள் பலவும் சில நூறு அடியில் தொடங்கி நொடிகளில் முடிகின்றன.

முழு விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் சிரஸ் வகை விமானங்களில் 1998 முதல் இருக்கிறது. கூரைக் கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் ஒன்று பாராசூட்டை இழுத்து விரிக்கும். நல்ல ஏற்பாடு. அதற்கும் சில நூறு அடியாவது வேண்டும்.

நம் கரையில் இது எப்படி மாறுகிறது

இராமநாதபுரத்துத் தரை மேலிருந்து பார்க்கத் தட்டை. மலை இல்லை, கட்டடம் குறைவு. அவசரத்துக்கு இறங்க இதைவிட நல்ல நிலம் ஏது என்று தோன்றும். கீழே வந்தால்தான் தெரியும். பச்சையாகத் தெரிவது பாதி சீமைக்கருவேல். வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் பனை வரிசை. மின்கம்பி கடைசி நொடியில்தான் கண்ணில் படும். கோடையில் காய்ந்த கண்மாய் உண்மையிலேயே நல்ல இடம். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே கண்மாய் சேறும் தண்ணீரும். கருவேலங்காட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். விமானம் கிழிந்துபோகும், ஆனால் குறைந்த வேகத்தில் நிமிர்ந்த நிலையில் புதருக்குள் போனால் நாம் தேடிய அந்த நிற்கும் தூரத்தைப் புதர் தரும். தனியாக நிற்கும் பனை தராது.

காற்று அடுத்தது. செஸ்னா 172 சோதனையில் காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட், மணிக்குச் சுமார் 28 கி.மீ. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எத்தனை நாட்கள் விழும் என்பது ஆனி, ஆடியில் பாம்பனில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பயிற்சி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் காற்றே இல்லாத நாட்களில். பாக் நீரிணைப் பக்கக் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் காலையில் மங்கலும் சேர்ந்தால் கடலும் வானமும் ஒரே நிறமாகி அடிவானம் காணாமல் போகும். கண்ணை நம்பி ஓட்டும் மாணவருக்கு விமானம் சாய்ந்திருப்பதே தெரியாது. இறங்க நேர்ந்தாலும் நீர்மட்டம் 5 அடியில் இருக்கிறதா 50 அடியில் இருக்கிறதா என்று கணிக்க முடியாது. அனுபவமுள்ளவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

இப்போது, ‘திரும்பாதே, முன்னால் தெரிவதில் இறங்கு’ என்ற விதிக்கு வருவோம். தீவிலோ கரையோரத்திலோ உள்ள ஓடுபாதையில் முன்னால் தெரிவது கடல். சமவெளியில் படித்த மாணவருக்கு முன்னால் வயல் இருந்தது, மனம் ஒப்புக்கொண்டது. இங்கே மனம் கடலை மறுக்கும், கை தானாகத் திருப்பும். என் கணிப்பில் இந்தக் கரையில் பயிற்சிக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதுதான், காற்றுகூட அப்புறம்தான். பறந்துகொண்டே கடலில் இறங்கியவர் பெரும்பாலும் உயிரோடு நீர்மேல் இருப்பார். திரும்பப் போய் ஸ்டால் ஆனவர் ஓடுபாதை ஓரத்திலேயே இறந்துபோவார். கடலோரப் பள்ளியில் முதல் வாரமே இதை மண்டையில் ஏற்ற வேண்டும்.

கரையைத் தாண்டிப் போகும்போது கணக்கு எளிது. பாம்பன் கால்வாய்க்கு மேல் 1000 அடியில் போனால் எஞ்சின் நின்றாலும் ஏதாவதொரு கரை எட்டும். பாலத்தின் நீளமே 2 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தாண்டிக் கரையிலிருந்து 8 கி.மீ. போனால் 3000 அடியாவது வேண்டும், அதுவும் காற்றில்லாவிட்டால். கரைக்காற்று எதிர்த்து அடித்தால் அது போதாது. சறுக்கி வந்து கரை சேர முடியாத தூரத்துக்கு ஒற்றை எஞ்சின் விமானம் போனால் ஆளுக்கொரு உயிர்காப்பு உடை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

தண்ணீரில் இறங்கினால்

செஸ்னா போன்றவற்றின் சக்கரத்தைப் பறக்கும்போது உள்ளே மடக்கிக்கொள்ள முடியாது. அது தண்ணீரைத் தொட்டதும் பிடித்து இழுக்கும்; விமானம் மூக்குக் குத்தித் தலைகீழாகப் புரள வாய்ப்பு அதிகம். புரள்வது சாவு இல்லை. தயாராக இல்லாமல் புரள்வதுதான் சாவு. வரிசை இப்படி:

1. இறங்குமுன்னே கதவைத் திறந்து, மறுபடி மூடிவிடாதபடி இடையில் செருப்பையோ துணியையோ செருகிவிட வேண்டும். மோதலில் சட்டகம் நெளிந்தால் மூடிய கதவு திறக்காது. மூழ்கிய பிறகு, உள்ளே தண்ணீர் நிரம்பும்வரை வெளி அழுத்தம் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

2. பெரிய அலையைக் குறுக்கே வெட்டி அதன் முகத்தில் மோத வேண்டாம், அலை முதுகுக்கு இணையாக இறங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதையும் பார்த்து ஒரு நடுவழி.

3. புரண்டதும் ஒரு கை, கதவுச் சட்டம் போன்ற அசையாத ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். தலைகீழாக, மூக்கில் தண்ணீர் ஏறும்போது மேல் எது கீழ் எது என்று புரியாது. பிடித்த கைதான் வழி. அந்தப் பிடி கிடைத்த பிறகே பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். முதலில் அவிழ்த்தவர் உள்ளேயே மிதந்து திசை தெரியாமல் போவார்.

4. உயிர்காப்பு உடையை உள்ளே ஊதக் கூடாது. ஊதினால் அது ஆளை விமானத்தின் தரைப்பக்கம் தூக்கி ஒட்டிவிடும். கதவுக்குக் குனிந்து போக முடியாது. வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும்.

படித்தால் நான்கு வரிதான். நீச்சல் குளத்தில் ஒரு கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் உட்காரவைத்துப் பழக்கினால்தான் உடம்புக்கு வரும். ஹெலிகாப்டரில் கடலுக்குமேல் போகும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களுக்கு இந்தப் பயிற்சி உண்டு. கடலோரத்தில் பறக்கும் மாணவருக்கும் வேண்டும்.

யார் முதலில் போய்ச் சேருவார்கள்

விமானத்தில் உள்ள அவசர ஒலிபரப்பி மோதலின் அதிர்ச்சியில் தானாக இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். ஆனால் தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் அந்தச் சமிக்ஞை வெளியே வராது. 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் கடலூருக்கு அப்பால் மறைந்தபோது, மூன்று பேரோடு போன அதைக் கடலடியில் கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பாக் நீரிணை அவ்வளவு ஆழமில்லை. பல இடங்களில் 10 மீட்டர்கூட இராது. ஆழம் குறைவு என்பது உடலை எடுக்க உதவும், உயிரைக் காப்பாற்ற நிமிடங்கள்தான் உதவும். மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும், ஆழமற்ற கடலில் ஓடும் ஹோவர்கிராஃப்ட்டும் இருக்கின்றன. ஆனாலும் அந்த முதல் நிமிடங்களில் பக்கத்தில் இருக்கப்போவது நாட்டுப்படகுகளான தேவிபட்டினத்து வத்தையோ கீழக்கரை வள்ளமோதான். விசைப்படகுகளை எல்லா நாளும் நம்ப முடியாது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போகாது.

அப்படிப் போய்ச் சேருகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

1. 1554-க்கு (கடலோரக் காவல்படை) அல்லது 112-க்குச் சொல்லிவிட்டு நெருங்குங்கள்.

2. புரொப்பெல்லர் நின்றிருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கையால் அசைத்தால்கூட எஞ்சின் ஒரு சுற்று உதைக்கலாம். பக்கவாட்டிலோ பின்னாலோ வாருங்கள்.

3. நீர்மேல் பெட்ரோல் பரவியிருக்கும். பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். முடிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கடைசித் தூரத்தைத் துடுப்பிலோ கம்பிலோ தள்ளிப் போங்கள்.

4. பெல்ட் அவிழாவிட்டால் வலை அறுக்கும் கத்தியே போதும். தலைகீழாகத் தொங்குபவரின் பெல்ட்டை அறுக்குமுன் உடம்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழுத்தில் விழுவார்.

5. தரையில் என்றால், தீயோ தண்ணீரோ துரத்தாதவரை கழுத்து, முதுகு அடிபட்டவரை இழுத்துப் போடாமல் 108 வரும்வரை காத்திருக்கலாம்.

6. ஆளை எடுத்த பிறகு விமானத்தைத் தொடாதீர்கள். ஒரு வால்வு எந்த நிலையில் இருந்தது, இருக்கை முள் எந்தத் துளையில் இருந்தது என்பதெல்லாம் சாட்சி.

செய்தியையும் அறிக்கையையும் படிப்பது

‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று முதல் நாள் வரும் வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. ‘கறுப்புப் பெட்டி தேடப்படுகிறது’ என்பதும் சின்ன விமானங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அவற்றில் அப்படியொரு பெட்டி இருப்பதில்லை. டிஜிட்டல் திரை கொண்ட புதிய விமானங்களில் நினைவட்டையில் வேகம், உயரம் பதிவாகியிருக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்தியாவில் விசாரிப்பது 2012-இல் அமைந்த விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. சர்வதேச நடைமுறைப்படி முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கை முடிந்தால் 12 மாதத்துக்குள். யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை, மறுபடி நடக்காமல் தடுப்பதுதான் நோக்கம்.

அந்த இறுதி அறிக்கைகள் எல்லா நாட்டிலும் ஒரே எண் வரிசையில் இருக்கும். 1.14 தீ பற்றியது. 1.15 உயிர் பிழைப்பது பற்றியது. செய்தியாளர்கள் காரணத்தைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவதால் 1.15-ஐ யாரும் படிப்பதில்லை. எழுதுபவர்களும் அதில் பல நேரம் ‘பிழைக்க வாய்ப்பிருந்தது’, ‘வாய்ப்பில்லை’ என்று ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அறிக்கை வரும்போது அந்தப் பத்தியில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: தோள் பெல்ட் போட்டிருந்தார்களா, இருக்கை தண்டவாளத்தில் நின்றதா, கதவு திறந்திருந்ததா, உயிர்காப்பு உடை யார் உடம்பில் இருந்தது, முதலில் போய்ச் சேர்ந்தவர் யார், எத்தனை நிமிடத்தில்.